கப்பல் நின்ற கரை

அசோக் நகர்,
5 ஜனவரி 2025

அன்புள்ள மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மாமாவும் உடல்நலத்தோடு இருக்க துஆ செய்கிறேன். இங்கே அண்ணன், மஹ்விஷ் அண்ணி, நான் எல்லோரும் நலம்.

அசோக் நகரிலிருந்து மயிலாப்பூருக்கு ஒரே பஸ். இவள் எதற்குத் தபாலில் கடிதம் போடுகிறாள் என்று நினைப்பீர்கள். போன பெருநாளைக்கு போன் செய்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் "அல்லோ" என்றீர்கள். நான் "மாமி" என்றேன். அதோடு இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிட்டோம். கடிதத்தில் அழுதாலும் வாக்கியத்தை முடித்துவிடலாம் அல்லவா, அதனால்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பிள்ளை ரெஹான் நம்மை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. அவர் வேலை செய்த சரக்குக் கப்பல் புயலில் சிக்கிக் கோடியக்கரைப் பக்கம் கரை தட்டி உடைந்தபோது மாமா மட்டும்தான் போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார். நான் கணவனை இழந்தவள் இருக்கும் இத்தாவில் இருந்தேன், வாசல் தாண்டக் கூடாது. உங்களுக்கு எழுந்து நிற்கவே தெம்பில்லை. இத்தா முடிந்ததும் அண்ணன் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா இல்லாத வீடு என்று நீங்கள் தயங்கினீர்கள். ஆனாலும் "போய்ட்டு வா கண்ணு, இங்க இருந்தா ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தே செத்துடுவோம்" என்று நீங்களேதான் அனுப்பிவைத்தீர்கள். அது உண்மை. இன்றைக்கு வரை அதற்காக உங்களுக்கு நன்றி சொல்கிறேன்.

நான் இப்போது கார் ஓட்டுகிறேன் மாமி! தெரிந்தவர் ஒருவர் கற்றுக்கொடுத்தார். பழைய ஆல்டோ ஒன்றையும் வாங்கிவிட்டேன். குடியரசு தினத்தை ஒட்டி மூன்று நாள் விடுப்பு எடுக்கிறேன். கடலோரமாகவே போய் அவர் அடங்கியிருக்கும் கபுரையும் அந்தக் கப்பல் நின்ற இடத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டு வர வேண்டும். தனியாகப் போக மனமில்லை. உங்களைத் தவிர வேறு யாரோடும் போகவும் மனமில்லை.

வருவீர்களா?

வஸ்ஸலாம்,
ஆஃப்ரீன்

*

கச்சேரி ரோடு, மயிலாப்பூர்,
11 ஜனவரி 2025

அன்பு மகள் ஆஃப்ரீனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. தபால்காரர் என் பேரைச் சத்தமாகப் படித்து, "ஹாஜிரா பீ, உங்களுக்குக் கையால எழுதின லெட்டர் வந்துகீது" என்றார். தெருவே எட்டிப் பார்த்தது. இந்தக் காலத்தில் பேங்க் நோட்டீஸ் தவிர வேறு எது தபாலில் வருகிறது.

நீ இளைத்திருக்கிறாயா, பெருத்திருக்கிறாயா, வேலை எப்படி, மூக்குக் கண்ணாடிக் கடையில் கணக்கு எழுதுவதாகச் சொன்னார்களே, அதெல்லாம் ஒரு வரிகூட இல்லை. எனக்கும் வருத்தம் இருக்கும் அல்லவா? வண்டி கற்றுக்கொடுத்த தெரிந்தவர் யார், அதுவும் எழுதவில்லை.

வருகிறேன்.

உன் மாமாவையும் கூப்பிட்டேன். மெத்தைக் கடையில் பஞ்சு அடைத்துக்கொண்டே மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "ஒரு வாட்டி பாத்தது போதும்" என்றார். அங்கே போய் வந்ததைப் பற்றி இந்த இரண்டு வருடத்தில் அவர் சொன்னதே அவ்வளவுதான். நானும் கேட்டதில்லை. கரையில் ஒதுங்கிய உடல் என்று போலீஸ் காகிதத்தில் போட்டிருந்தது. அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நாகூர் வழியாகத்தான் போக வேண்டும் என்று தெரியும். அங்கே வண்டியை நிறுத்தாதே. ரெஹான் முதல்முதலாகக் கப்பலில் ஏறியபோது நாகூராண்டவருக்கு நேர்ந்துகொண்டேன். ஒரு கப்பலில் ஓட்டை விழுந்து தண்ணீர் புகுந்தபோது ஆண்டவர் சவரம் செய்துகொண்டிருந்தாராம். கையிலிருந்த கண்ணாடியை வீசினாராம். அது போய் ஓட்டையை அடைத்ததாம். சின்ன வயதில் எங்கள் அம்மி சொன்ன கதை இது. அதற்கு அந்தப் பக்கம் வேளாங்கண்ணி. புயலில் மாட்டிய பறங்கிக் கப்பல்காரர்கள் கரை சேர்ந்து நன்றியாகக் கட்டிய கோயில் என்கிறார்கள். அந்தக் கரையில் எத்தனை கப்பல்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள் பார். என் பிள்ளை வந்தபோது மட்டும் எல்லோரும் தூங்கிவிட்டார்கள்.

தவறாகப் பேசினால் அல்லாஹ் மன்னிக்கட்டும். நீ நிறுத்தாதே.

எனக்குக் காரில் தலை சுற்றும். எலுமிச்சம்பழம் வாங்கி வை. நெஞ்செரிச்சல் மாத்திரை நான் கொண்டுவருகிறேன். வழியில் ஓட்டலில் தின்ன வேண்டாம், நானே ரொட்டியும் கைமாவும் செய்துவிடுகிறேன்.

துஆவுடன்,
மாமி

*

மயிலாப்பூர்,
2 பிப்ரவரி 2025

என் அருமை ஆஃப்ரீனுக்கு,

அல்லாஹ் உன்னை நல்லபடி வைக்கட்டும். ஊர் வந்து சேர்ந்ததிலிருந்து இந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டே இருக்கிறேன். காரில் கருவாட்டு நாற்றம் போய்விட்டதா? காபித்தூளை ஒரு துணியில் முடிந்து சீட்டுக்கு அடியில் வை, போய்விடும்.

முதலில் உன்னிடம் நன்றி சொல்ல வேண்டும். அவ்வளவு தூரம் ஓட்டினாய். நான் வழிநெடுக, "மெதுவா போ கண்ணு, இன்னா அவசரம், லாரி வரான் பாரு" என்று பிராணனை வாங்கினேன். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. மரக்காணத்தில் உப்பளம் வெயிலில் பளபளவென்று கிடந்ததே, அதைப் பார்த்து "மாமி, பனி மாதிரி இல்ல?" என்றாய். பனியை நீயும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. நான் ஆமாம் என்றேன். இரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் சிரித்திருப்பேன். தரங்கம்பாடிக் கோட்டையில் சின்னப் பிள்ளை போல மதில் ஏறி நின்றாய். டீக்கடைக்காரர் கடலைக் கைகாட்டி, "அந்தக் காலத்து மரக்கப்பல் எத்தினி இதுக்குள்ள கெடக்குதோ" என்றதும் சட்டென்று இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாய். அதையும் பார்த்தேன்.

கிளம்பும்போது பெசன்ட் நகர் வழியாகப் போகச் சொன்னேன். நீலம் புயல் அடித்த வருடம் ஒரு பெரிய எண்ணெய்க் கப்பல் அங்கே கரை தட்டி நின்றது. ரெஹான் அப்போது பத்தாவது. அவன் தொல்லை தாங்காமல் நான்தான் அழைத்துப் போனேன். திருவிழாக் கூட்டம். மிளகாய் பஜ்ஜி விற்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். கப்பலிலிருந்து தப்பப் பார்த்தவர்களில் சிலர் கடலில் போய்விட்டார்கள் என்று பேப்பரில் வந்திருந்தது. நாங்களும் பஜ்ஜி தின்றுகொண்டேதான் பார்த்தோம். "அம்மி, இவ்ளோ பெருசு எப்படி மிதக்குது?" என்று கேட்டான். அன்றைக்குப் பிடித்த கப்பல் பைத்தியம். அந்த மணலை ஒரு முறை பார்த்துவிட்டுப் புறப்பட வேண்டும் போல இருந்தது.

இனிமேல் எழுதப்போவதுதான் முக்கியம்.

பள்ளிவாசல் கபுரஸ்தானில் பெண்கள் உள்ளே போகக் கூடாது என்றுவிட்டார்கள். பாங்கு சொல்லும் மோதினார் வாசலில் நின்றபடியே வேப்பமரத்தடியில் ரெஹானின் கபுரைக் காட்டினார். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று இரண்டு பேரும் பாத்திஹா ஓதினோம். அதன் பிறகு குப்பத்துக்குப் போனோம். உடைந்த கப்பல் தூரத்தில் மணலில் கறுப்பாகத் தெரிந்தது. என் முழங்கால் மணலில் நடக்காது என்று என்னை ஒரு கொட்டகை நிழலில் உட்கார வைத்துவிட்டு நீ மட்டும் போனாய்.

நீ அந்தப் பக்கம் போனதும், கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னையே பார்த்தாள். என்னை விடக் கொஞ்சம் மூத்தவள். கிட்டே வந்து, "நீங்க அந்த மெட்ராஸ் புள்ளையோட அம்மாவா?" என்றாள். எப்படித் தெரியும் என்றேன். "மூக்கு அப்புடியே இருக்கே" என்றாள்.

அவள் பெயர் முத்தம்மா. புயல் ஓய்வதற்கு முன்பே அவள் புருஷன் சுப்புராயன் வள்ளத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஊரே வேண்டாம் என்று தடுத்ததாம். மூன்று பேரைத் தூக்கி வந்தார். அவர்களில் நம் ரெஹான் ஒருவன்.

உயிரோடு, ஆஃப்ரீன். உயிரோடுதான் கரைக்கு வந்திருக்கிறான்.

தன் வீட்டில் கட்டிலில் போட்டு, ஈரத்தைத் துடைத்து, தன் புடவைகளை எல்லாம் எடுத்துச் சுற்றிவிட்டு, பக்கத்தில் அடுப்பு மூட்டி வைத்தாளாம். வெந்நீர் கேட்டுக் குடித்தானாம். எந்த ஊர் என்று கேட்டதற்கு மயிலாப்பூர் என்றானாம். "வூட்டு நம்பரு சொல்லு தம்பி, போன் போடச் சொல்றேன்" என்று கேட்டிருக்கிறாள். அதற்கு, "வேணாம்மா, எங்க அம்மி பயந்துடும். காலைல நானே பேசிக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறான். ரோட்டில் மரங்கள் விழுந்து கிடந்ததால் ஆம்புலன்ஸ் வர முடியவில்லை. குளிருகிறது என்றானாம். அவள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அவன் தலையை மடியில் வைத்துத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தாளாம். "தூங்குதுன்னுதான் நெனச்சேன் தாயி. புள்ள அசந்து தூங்குதுன்னு நெனச்சிக்கிட்டே உக்காந்திருந்தேன்" என்றாள்.

இரண்டு வருடமாக என் கண்ணை மூடினால் கறுப்புத் தண்ணீர்தான். அதில் அவன் மட்டும் தனியாக. இப்போது அது இல்லை. கண்ணை மூடினால் ஓர் அடுப்பு எரிகிறது. ஒரு தாயின் மடி தெரிகிறது. ஜனாஸாவை, உயிர் போன உடலை, ஆண்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டதால் உன் மாமா இவளைப் பார்க்கவே இல்லை. நான் வந்து சொன்னதும் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அல்ஹம்துலில்லாஹ், அவர் அழுதுவிட்டார்.

திரும்பும் வழியில் உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. நீ எதுவும் கேட்காமல் ஓட்டினாய். நாகூர் மினாரா தெரிந்தபோது நான் முகத்தைத் திருப்பவில்லை. அதையும் நீ கவனித்திருப்பாய்.

உன்னால்தான் அம்மா இது எனக்குக் கிடைத்தது. நீ கூப்பிடாவிட்டால் இந்த ஹாஜிரா கறுப்புத் தண்ணீரோடேயே மவுத்தாகியிருப்பாள்.

ஆயிரம் துஆவுடன்,
மாமி

*

அசோக் நகர்,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. அண்ணிக்கும் படித்துக் காட்டினேன். "வேணாம்மா, அம்மி பயந்துடும்." அது அப்படியே ரெஹானுடைய குரல். எங்கள் கல்யாணத்தன்று பந்தலில் மின்கசிவு ஏற்பட்டபோதும் இதையேதான் என்னிடம் சொன்னார். முத்தம்மா அம்மாவின் காலைத் தொட வேண்டும். அன்று உங்கள் இரண்டு பேரையும் கைகோர்த்தபடி பார்த்தபோது, பழக்கமானவர்கள்போல எப்படி இப்படி அழுகிறார்கள் என்று நினைத்தேன். கேட்காமல் இருந்ததே நல்லது. கேட்டிருந்தால் வண்டியை எங்கேயாவது விட்டிருப்பேன்.

நான் அந்தக் கப்பலருகே என்ன செய்தேன் என்று நீங்களும் கேட்கவில்லை. அதைச் சொல்லாமல் உங்கள் நன்றியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வது சரியில்லை.

முன்பாதிதான் நிற்கிறது. இரும்புத் தகடெல்லாம் துருவேறி, தொட்டால் உதிர்கிறது. அதன்மேல் வலை காயப்போட்டிருந்தார்கள். நிழலில் ஆடுகள் படுத்திருந்தன. பயங்கரமாக இருக்கும், அழுகை வரும் என்று நினைத்துப் போனேன். எதுவும் வரவில்லை. அது பாட்டுக்கு நின்றது. நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்து ரெஹானிடம் வாய்விட்டுப் பேசினேன்.

மாமி, வண்டி கற்றுக்கொடுத்த தெரிந்தவர் பெயர் ஃபராஸ். அடையாறில் எங்கள் கடையிலேயே கண் பரிசோதனை செய்கிறவர். ஒரு வருடப் பழக்கம். என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டு அண்ணனிடம் வந்தார். நான் பதில் சொல்லவில்லை. ரெஹானைப் போய்ப் பார்க்காமல், அவரிடம் சொல்லாமல், எதற்கும் தலையாட்டக் கூடாது என்று வைத்திருந்தேன். அந்தப் பயணமே அதற்காகத்தான். அதற்காக மட்டும் இல்லை, ஆனால் அதற்காகவும்.

அங்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவருடன் வாழ்ந்த ஒன்றரை வருடத்துக்கு நன்றி சொன்னேன். போய் வருகிறேன் என்றும் சொன்னேன். எழுந்து வரும்போது கால் லேசாக இருந்தது.

காரில் இதை உங்களிடம் சொல்லிவிட எத்தனை தடவை வாயெடுத்தேன் தெரியுமா? கடலூர் தாண்டும்போது ஒரு தடவை. மாமல்லபுரத்தில் நீங்கள் இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தடவை. முடியவில்லை. வேறு யார் மூலமும் இது உங்கள் காதுக்கு வரக் கூடாது, அதனால் எழுதிவிட்டேன்.

நீங்கள் வேண்டாம் என்றால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

உங்கள்
ஆஃப்ரீன்

*

அசோக் நகர்,
14 மார்ச் 2025

அன்புள்ள மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ரமலான் பாதிக்கு வந்துவிட்டது. நீங்கள் சர்க்கரையை வைத்துக்கொண்டு எல்லா நோன்பும் பிடிப்பீர்கள் என்று தெரியும். விடியும் முன் ஸஹருக்கு வெறும் டீ குடித்துவிட்டுப் படுக்காதீர்கள்.

பதில் வரவில்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று அண்ணி சொல்கிறாள். தொலையவில்லை என்று எனக்குத் தெரியும். கோபித்துக்கொள்ளுங்கள், திட்டுங்கள், உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. நோன்புக் கஞ்சி காய்ச்சும்போதெல்லாம் வெந்தயம் போதுமா என்று பார்க்க நீங்கள் பக்கத்தில் இல்லை.

ஃபராஸுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

ஆஃப்ரீன்

*

மயிலாப்பூர்,
13 ஏப்ரல் 2025

அன்பு மகளுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதம் தொலையவில்லை. பீரோவில் ரெஹானின் சட்டைகளுக்கு அடியில் வைத்திருந்தேன்.

கோபம் இல்லை என்று எழுதினால் பொய். இருந்தது. நீ கல்யாணம் செய்துகொள்வதில் இல்லை. அதை நானே ஒரு நாள் உன் அண்ணனிடம் பேச வேண்டும் என்று நினைத்தவள்தான். எனக்கு எது வலித்தது தெரியுமா? கொட்டகை நிழலில் என் பிள்ளை எனக்குத் திரும்பக் கிடைத்துக்கொண்டிருந்தான். அதே நேரத்தில் அதே கரையில் நீ அவனிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தாய். இதை என்னால் விழுங்க முடியவில்லை. பதில் எழுத உட்கார்ந்தால் கடுமையாக ஏதாவது வந்துவிடும் என்று பயந்து பேனாவைத் தொடவில்லை.

பெருநாள் முடிந்ததும் முத்தம்மாவுக்கு ஒரு புடவை எடுத்துக்கொண்டு தனியாகவே பஸ் ஏறிவிட்டேன். உன் மாமா பஸ் ஸ்டாண்டு வரை வந்து, "ஜாக்கிரதையா போய்ட்டு வா" என்றார். அத்தனை வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து எவ்வளவு நாள் ஆயிற்று.

முத்தம்மா வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். ரெஹான் படுத்திருந்த கட்டிலில்தான் என்னைப் படுக்க வைத்தாள். நன்றாகத் தூங்கினேன் ஆஃப்ரீன். அங்கே போய்த் தூக்கம் வரும் என்று யார் நினைத்தார்கள்.

மறுநாள் காலையில் வாசலில் ஒருவர் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். முத்தம்மாவை ஆத்தா என்று கூப்பிட்டு டீ கேட்டார். உங்கள் மகனா என்றேன்.

"இல்ல தாயி. என் மருமவளோட வூட்டுக்காரரு" என்றாள்.

எனக்குக் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். "மருமகளோட வூட்டுக்காரர்னா உங்க மகன்தானே?"

"அது சுனாமில போயிட்டு. இவரு அதுக்கப்புறம் கட்டிக்கிட்டவரு. அடுத்த தெருவுலதான் இருக்காங்க. என் வூட்டுக்காரரு வள்ளம் எடுத்தப்ப கூடப் போனதும் இவருதான்."

இதைச் சொல்லிவிட்டுக் குழம்புக்குப் புளி கரைக்கப் போய்விட்டாள். அவளுக்கு அது ஒரு பேச்சே இல்லை. நான் அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். புயலில் என் பிள்ளையைத் தண்ணீரிலிருந்து இழுத்த கை அது. முத்தம்மாவின் மருமகள் மறுபடி கட்டிக்கொள்ளாமல் முடங்கிக் கிடந்திருந்தால் அன்று அந்த வள்ளத்தில் அந்தக் கை இருந்திருக்காது. இப்படி யோசிப்பது சரியோ தவறோ, எனக்குத் தெரியவில்லை. ஆனால் நெஞ்சில் கட்டியிருந்தது என்னவோ அங்கேயே இளகிவிட்டது. அவரிடம் போய் ஸலாம் சொன்னேன். அவர் எழுந்து நின்று, என்ன சொல்வது என்று தெரியாமல் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, "புள்ள நல்ல கனம்மா. தூக்கவே முடியல" என்றார். இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தோம். ரெஹானுக்கு நான் போட்ட சோறு அல்லவா அந்தக் கனம்.

வரும் வழியில் நாகூரில் இறங்கினேன். உள்ளே போய் உட்கார்ந்தேன். கேட்க எதுவும் இல்லை. சண்டை போடவும் எதுவும் இல்லை. அந்தக் கரையில் என் பிள்ளைக்கு ஒரு வள்ளமும், ஓர் அடுப்பும், ஒரு மடியும் கிடைத்ததற்கு நன்றி சொன்னேன். பிறகு உன் பெயரையும் அந்தப் பையன் பெயரையும் சேர்த்துச் சொல்லி துஆ கேட்டேன்.

ஃபராஸுக்குப் பதில் சொல்லு. இத்தனை நாள் காத்திருக்கிற ஆண்பிள்ளை நல்லவனாகத்தான் இருப்பான். நல்ல ஓட்டுநரை உருவாக்கியிருக்கிறான், அது எனக்கே தெரியும்.

கஞ்சிக்கு வெந்தயத்தை முதலிலேயே அரிசியோடு போட வேண்டும். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

துஆவுடன்,
மாமி

*

அடையாறு,
22 ஜூன் 2025

அன்புள்ள மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். புது வீட்டிலிருந்து எழுதும் முதல் கடிதம் இது. இப்போது நமக்கிடையே ஆறு ஒன்றுதான். நடந்தேகூட வந்துவிடலாம். ஆனாலும் இதை எழுதித்தான் சொல்ல முடியும்.

நிக்காஹ் அன்று என் சார்பில் சம்மதம் கேட்டுச் சொல்லும் வக்கீலும் இரண்டு சாட்சிகளும் பெண்கள் இருந்த அறைக்கு வந்தார்கள். சாட்சிகளில் ஒருவராக மாமா வந்து நிற்பார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அண்ணன் யாரை வைப்பது என்று யோசித்தபோது "நான் நிக்கிறேன்" என்று மாமாவே சொன்னாராம். வெள்ளைத் தொப்பி, புதுச் சட்டை, கையைக் கட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்றார். ரெஹானுக்கும் எனக்கும் நிக்காஹ் நடந்தபோது மாப்பிள்ளையின் அப்பாவாக நின்றவர். வக்கீல் கேட்டார். நான் மாமாவின் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் தடவையும் கேட்டார். அப்போது நீங்கள் என் முக்காட்டுக்குள் முகத்தை நுழைத்து, "சொல்லு கண்ணு. பெரியவரு எவ்ளோ நேரம் நிப்பாரு, அவருக்குக் கால் வலிக்கும்ல" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சம்மதம் என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே சம்மதம் சொன்ன மணப்பெண்ணை இப்போதுதான் பார்க்கிறேன் என்று ஃபராஸின் பெரியம்மா இன்றைக்கும் சொல்கிறார். மாமா தலை நிமிர்ந்து என் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வைக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? நீங்கள் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று அண்ணி நேற்றுத்தான் சொன்னாள். பந்தியில் மாப்பிள்ளை வீட்டுக்காரப் பெண்மணி ஒருவர் உங்களைப் பார்த்து, "நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாராம். நீங்கள் பிரியாணியில் கறித்துண்டைத் தேடிக்கொண்டே, "பொண்ணு வூட்டு ஆளுங்க. பாத்தா தெரியல?" என்றீர்களாம்.

மாமி, என் அம்மா போனபோது எனக்கு எட்டு வயது. பெண் வீட்டு ஆள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒருவர் வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்காமலே வந்து பந்தியில் உட்கார்ந்தீர்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் வருகிறோம். ஃபராஸ் இப்போதிலிருந்தே பதற்றத்தில் இருக்கிறார். என்ன பழம் வாங்குவது, மாமாவிடம் என்ன பேசுவது என்று ஒரே கேள்வி. உங்களை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்றும் கேட்கிறார். நானும் யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் பிரியமுள்ள
ஆஃப்ரீன்